தயிர் உறையாத ஊரிலிருந்து

நாட்டிங்காம், இங்கிலாந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. தயிர்தான் இன்னும் கைகூடவில்லை. நீ செய்வதுபோல் விரலால் சூடு பார்த்து உறை ஊற்றி, துண்டு சுற்றி ஹீட்டர் பக்கத்தில் வைத்தேன். ராத்திரி ஹீட்டரை அணைத்துவிடுகிறார்கள். காலையில் பால் பாலாகவே இருந்தது.

"புழுவை மைக்ரோவேவில் சூடுபண்ணுகிறானாம்" என்று அத்தை சிரித்தாளாமே. சூடே ஏறாமல் அலை மட்டும் புழுவை ஏதாவது செய்கிறதா என்று பார்க்கிற ஆராய்ச்சி இது. சூடு ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் அம்மா என் வேலையே.

புழு ஒரு மில்லிமீட்டர்தான், உடம்பு கண்ணாடி மாதிரி. சூடு தாங்காவிட்டால் அதன் செல்கள் ஒருவகைப் புரதம் செய்யும். அப்போது பச்சையாக ஒளிரும்படி மரபணுவை மாற்றி வைத்திருக்கிறோம். ஒரு பெட்டியில் செல்போன் அலை மாதிரி மெல்லிய அலை, பக்கத்துப் பெட்டியில் ஒன்றுமில்லை.

இதே ஊரில் ஒரு குழு, சூடு ஏறாமலே அலை புழுவைச் சூடுபட்ட மாதிரி உலுக்குகிறது என்று 2000இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதியது. அப்புறம் சோதித்தால், செம்புப் பெட்டியே அலையில் கொஞ்சத்தைத் தின்று லேசாகச் சூடாகியிருந்தது. அலை இல்லாத பெட்டிக்கும் அதற்கும் வித்தியாசம் 0.2 டிகிரிக்குள்தான்! வெள்ளி முலாம் பூசிய பெட்டியில் செய்தபோது விளைவைக் காணோம். 2006இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். தன் பிழையைத் தானே தோண்டியெடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடிவிட்டது.

0.2 டிகிரி உன் விரலுக்கே தெரியாது. அதனால்தான் நாள் முழுக்கத் தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். உலோகம் இருந்தால் அதுவே அலையில் சூடாகும் என்று அந்தத் தெர்மாமீட்டரைக் கண்ணாடி இழையில் செய்திருக்கிறார்கள். போன வாரம் தூக்கக் கலக்கத்தில் புழுத் தட்டுகளைப் பெட்டி மாற்றி வைத்து மூன்று நாள் வேலையைப் பாழாக்கினேன்.

பெரியப்பா வீட்டு மாடியில் செல்போன் டவர் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். மைக்ரோவேவ் அடுப்பில் ஆயிரம் வாட் அலை ஒரு பெட்டிக்குள்ளேயே அடைந்து கிடக்கிறது. டவர் அலை தூரம் போகப்போக நீர்த்துவிடும். ஆன்டெனாவுக்கு நேர் முன்னால், கிட்டத்தில் மட்டும் யாரும் நிற்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011இல் இந்த அலைகளை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற வகையில் சேர்த்தது உண்மைதான். ஆசியாவின் சில பக்கங்களில் ஊறுகாய் மாதிரி ஊறவைக்கும் காய்கறியும் அதே வகையில் இருக்கிறது. உன் மாவடுவைச் சொல்லவில்லை, பயப்படாதே. வாடகையை மட்டும் ஒழுங்காக எழுதி வாங்கச் சொல்.

அடுத்த முறை உறை ஊற்றும்போது பால் எத்தனை டிகிரி என்று அளந்து சொல். அப்பாவின் காய்ச்சல் தெர்மாமீட்டரை அதில் விட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் மகன்