தமிழ் தெரிந்தவர்கள் அங்கேயும் தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். டிசம்பர் வந்தால் பிள்ளைகள் இல்லங்களில் பரிசுப் பொட்டலங்கள் குவிந்துவிடும். கொடுக்கும் மனம் நல்ல மனம்தான். ஆனால் சிங்கப்பூரில் கிறிஸ்துவ அமைப்புகள் நடத்தும் இல்லங்களுக்கும், பள்ளி நேரத்துக்கு வெளியே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மாணவர் பராமரிப்பு நிலையங்களுக்கும் வருடம் முழுக்கக் கிடைக்காமல் இருப்பது, நான் பார்த்த வரையில், தமிழ் பேசத் தெரிந்த பெரியவர்கள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் கோயிலுக்குப் போகிறவள். எங்கள் வட்டாரத்தில் தேவாலயம் ஒன்று நடத்தும் மாணவர் பராமரிப்பு நிலையத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். ஒரு நாள் சாயங்காலம் ஒரு பாட்டி, வசதி குறைந்தவர்களுக்கான அரசாங்க நிதியுதவித் திட்டமான காம்கேர் அனுப்பிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேரனுடன் வந்திருந்தார். பையன் தொடக்கநிலை மூன்று. சமூக ஊழியர் ஆங்கிலத்தில் கேட்கக் கேட்க, அவன்தான் பாட்டிக்குத் தமிழில் சொன்னான். வாடகை எத்தனை மாதம் பாக்கி, அப்பா சிறையிலிருந்து எப்போது வருவார், அம்மா வீட்டுக்கு வருகிறாரா இல்லையா, எல்லாம் அந்தப் பிள்ளையின் வாய் வழியாகவே போய் வந்தது. "ராத்திரியில எழுந்து எழுந்து அழறான்மா" என்று பாட்டி சொன்னார். அதை மட்டும் அவன் ஆங்கிலத்தில் சொல்லவில்லை. பாட்டியின் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றான்.

அந்த ஊழியர் அக்கறையுள்ள பெண். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும் நாற்காலியை எனக்காக நகர்த்திப் போட்டு, பையனை விளையாட அனுப்பிவிட்டார். அப்புறம் பாட்டி முக்கால் மணி நேரம் மனம் விட்டுப் பேசினார். இரவு அழுகையைப் பற்றி ஊழியருக்குத் தெரிந்ததும் அப்போதுதான். தமிழ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும், ஒன்பது வயதுப் பிள்ளை தன் வீட்டுக் கஷ்டத்தைத் தானே எடுத்துச் சொல்ல வேண்டிய நிலை வராது.

நம் ஆட்கள் ஏன் போவதில்லை? "சர்ச் நடத்துவதாச்சே, மதம் மாற்றிவிடுவார்களோ" என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. உதவி தேவைப்படும் குடும்பமும் தயங்குகிறது, உதவக்கூடியவர்களும் தயங்குகிறார்கள். குடும்பச் சேவை நிலையங்களில் சிலவற்றைக் கிறிஸ்துவப் பின்னணி கொண்ட அமைப்புகள் நடத்துகின்றன. அங்கே இன, மத வேறுபாடு பார்க்காமல் யாருக்கும் சேவை உண்டு. நான் போகும் இடத்தில் எந்தப் பிள்ளையையும் ஜெபத்துக்குக் கட்டாயப்படுத்தி நான் பார்த்ததே இல்லை. சந்தேகம் இருந்தால் பெற்றோர் நேராகவே கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்.

இந்தத் தொண்டு நேற்று முளைத்ததும் அல்ல. இன்று உணவகங்கள் நிறைந்திருக்கும் சைம்ஸ் வளாகம் 1854ல் கன்னியாஸ்திரீகள் தொடங்கிய கான்வென்ட். அதன் சின்ன வாசலில் விட்டுச் செல்லப்பட்ட சிசுக்களை எடுத்து வளர்த்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் வறுமையில் கிடந்தபோது, 1948ல், கத்தோலிக்கச் சகோதரர்கள் ஏழைப் பையன்களுக்காகப் புக்கிட் தீமாவில் பாய்ஸ் டவுன் இல்லத்தைத் தொடங்கினார்கள். 1968ல் வந்தது சென் சு லான் மெதடிஸ்ட் பிள்ளைகள் இல்லம். எல்லா இனத்துப் பிள்ளைகளும் இப்படிப்பட்ட இடங்களில் வளர்ந்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளும்தான்.

இன்னொன்று, வளர்ப்புப் பெற்றோர் விஷயம். பெற்றோரால் கொஞ்ச காலம் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளையை ஒரு குடும்பம் தன் வீட்டில் வைத்து வளர்க்கும் திட்டம் இங்கே 1956 முதல் இருக்கிறது. அது தத்தெடுப்பு அல்ல. நிலைமை சீரானதும் பிள்ளை தன் குடும்பத்திடம் திரும்ப வேண்டும் என்பதே நோக்கம். மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. பாய்ஸ் டவுன், எப்வொர்த் போன்ற கிறிஸ்துவ அமைப்புகளும், முஸ்லிம் மகளிர் அமைப்பான பிபிஐஎஸ்ஸும் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சுடன் சேர்ந்து இந்தக் குடும்பங்களுக்குத் துணை நிற்கின்றன. வீட்டில் தமிழே பேசி வளர்ந்த நான்கு வயதுக் குழந்தை திடீரென்று அம்மாவைப் பிரிகிறது என்று வையுங்கள். பசிக்கிறது, பயமாக இருக்கிறது என்று சொன்னால் புரிந்துகொள்ளவாவது அந்த வீட்டில் ஒருவர் வேண்டாமா? ரசம் சாதம் பிசைந்து ஊட்டும் கை கிடைத்தால் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு ஆறுதல்! பிள்ளைகள் வளர்ந்து தனிக்குடித்தனம் போய், ஓர் அறை காலியாக இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று கெஞ்சியே கேட்கிறேன்.

தொண்டு அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் அழைப்பு ஆங்கிலத்தில் மட்டும் வந்தால் எங்கள் வீட்டுப் பெரியவர்களை எட்டாது. தமிழில் எழுதுங்கள், ஒலி 96.8 தமிழ் வானொலியில் பேசுங்கள். தமிழில் ஆராதனை நடக்கும் தேவாலயங்களோடு நின்றுவிடாமல், கோயில்களிலும் இந்திய முஸ்லிம் பள்ளிவாசல்களிலும் வந்து கேளுங்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிட்டால் வருவார்கள்.

பிள்ளைகளோடு பழகும் வேலை என்பதால் பின்னணி விசாரணை, பயிற்சி என்று முதலில் கொஞ்ச காலம் பிடிக்கும். அது பிள்ளைகளின் பாதுகாப்புக்காகத்தான். நவம்பரில் பள்ளி விடுமுறை தொடங்கினால் பிள்ளைகள் நாள் முழுக்க நிலையத்தில்தான் இருப்பார்கள், ஆள் தேவை அப்போது இன்னும் கூடும். மனம் உள்ளவர்கள் இந்த மாதமே உங்கள் பேட்டையில் இருக்கும் நிலையத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ஈசூன்