டெலஸ்கோப்புக்கு இடம் பார்க்கிறோம்

அன்புள்ள செந்தில்,

கடிதம் வந்து நாளாகிவிட்டது, பதில் போட இப்போதுதான் ஒழிந்தது. அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. நான் பெங்களூரில் அதே பீன்யா, அதே டிராஃபிக்.

விண்வெளிக் குப்பையைப் பார்க்க ஒரே ஒரு பெரிய ராடார் போதாதா என்று கேட்டிருந்தாய். போதாதுடா. பூமிக்குப் பக்கத்திலேயே சுற்றுகிற தாழ்வட்டப் பாதையில் ஒரு துண்டு விநாடிக்கு 7.5 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. மிஞ்சிப் போனால் பத்துப் பதினைந்து நிமிஷம் நம் வானத்தில் இருக்கும், அது ஒரு சுற்று முடித்து வருவதற்குள் பூமி 22 டிகிரிக்கு மேல் திரும்பிவிடுவதால், அடுத்த தடவை நம் கண்ணில் படாமலே போகலாம். நடுவில் மெல்லிய காற்று வேறு அதை இழுத்துக்கொண்டே இருக்கிறது, சூரியன் சீறுகிற நாளில் இன்னும் கூடுதலாக, அதனால் அது எங்கே இருக்கும் என்று போட்ட கணக்கும் பிசகும். 2009 பிப்ரவரியில் இரிடியம் 33, காஸ்மாஸ் 2251 என்ற இரண்டு செயற்கைக்கோள்களும் சைபீரியாவுக்கு மேலே மோதினவே, பொதுவில் கிடைத்த கணக்கு அன்றைக்கு என்ன சொன்னது தெரியுமா? இரண்டும் 584 மீட்டர் விலகிப் போகும் என்று! அந்த எண்ணில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று தெரியாவிட்டால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதனால் என் கட்சி, ஒரே இடத்தில் காசைக் கொட்டாமல் பரவலாக வை என்பதுதான். 10 சென்டிமீட்டருக்குக் கீழே பார்க்க வேண்டுமென்றால் பெரிய ராடார் தவிர வழியில்லை, அது சரி. ஆனால் ராடார் தூரத்தை நன்றாகச் சொல்லும், கோணத்தில் சறுக்கும். டெலஸ்கோப் நேரெதிர், பின்னணி நட்சத்திரங்களை வைத்துக் கோணத்தைக் கச்சிதமாகச் சொல்லும், தூரம் தெரியாது, மேகம் வந்தால் கதை முடிந்தது. விண்வெளிக் குப்பையைக் கண்காணிக்கிற இஸ்ரோவின் நேத்ரா திட்டத்திலும் இரண்டையும்தான் சேர்க்கிறார்கள்.

நான் இப்போது மல்லுக்கட்டுவது கடிகாரத்தோடு. படம் எடுத்த நேரம் ஒரு மில்லிவிநாடி பிசகினாலே துண்டு 7.5 மீட்டர் தள்ளி நிற்கும். மலிவான கேமராவில் படத்தின் மேல் வரியும் கீழ் வரியும் ஒரே நேரத்தில் பதிவாவதில்லை, அதனால் ஜிபிஎஸ் தருகிற துல்லியமான நேரத் துடிப்புக்கு மின்னுகிற ஒரு சின்ன எல்இடியை லென்ஸ் முன்னால் வைத்து, வெளிச்சம் எந்த வரியில் ஆரம்பிக்கிறது என்று பார்த்து ஒவ்வொரு வரிக்கும் தனியாக நேரம் போடுகிறோம். பொறுமையைச் சோதிக்கிற வேலைதான், ஆனாலும் லட்சக்கணக்கில் கொடுத்துப் பெரிய லென்ஸ் வாங்குவதைவிட இதில் கிடைக்கிற லாபம் அதிகம் என்பேன் (எங்கள் மேனேஜர் ஒத்துக்கொள்ள மாட்டார்).

அப்புறம் இடம். துருவத்துக்குப் பக்கத்தில் வைத்தால் துருவப் பாதைத் துண்டுகள் சுற்றுக்குச் சுற்று தலைகாட்டும், ஆனால் நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றுபவை அங்கே உதிக்கவே உதிக்காது. அவற்றுக்குத் தெற்கேதான் வரவேண்டும். அதனால்தான் உங்கள் ராதாபுரம் பக்கம் ஒரு சின்ன டெலஸ்கோப் வைக்கலாமா என்று பேச்சு ஓடுகிறது. ராத்திரி அங்கே வானம் எவ்வளவு இருட்டு, காற்றாலைகளின் சிவப்பு விளக்கு கண்ணைக் குத்துமா, வடகிழக்குப் பருவமழையில் எத்தனை வாரம் மூடியே கிடக்கும், மாடியில் ஏறிப் பார்த்து எழுது. நிலம் வாடகைக்குக் கிடைக்குமா என்றும் உன் மாமாவிடம் கேட்டுவை.

அன்புடன்,
குமார்