ஆழ்குழாய் நீரில் பிறந்த நிறம்

ஆனைமலை அடிவாரம்,
ஆவணி மாதம்.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணம் அன்று. ஆடிக் காற்று ஓய்ந்து வெயில் முகம் காட்டும் இந்த நாள்களில் நூலைச் சாயமிட்டு உலர்த்தி எடுக்காவிட்டால், ஐப்பசி மழைக்கு முன்பாக நெடுக்கு நூலான பாவு தறியேறாது. ஆகவே பகல் முழுவதும் சாயத்தொட்டியடியிலும் இரவு முழுவதும் கணக்கு நோட்டிலும் கழிந்துவிட்டது. நீ தலைமையாசிரியை ஆகிவிட்டாய் என்ற செய்தி மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. பொறுப்பு கூடினாலும் வேதியியல் பாடத்தை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுத்துவிடாதே. இதில் என் சுயநலமும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

உன் மகள் துணி வடிவமைப்புப் படிக்க விரும்புகிறாள் என்றும், இயற்கைச் சாயத்தில் சேலை வடிவமைக்கும் என் தொழிலை ‘இயற்கையோடு இயைந்த வாழ்க்கை’ என்று அவள் வருணிக்கிறாள் என்றும் எழுதியிருந்தாய். மலையைப் பார்த்தபடி உட்கார்ந்து பூக்களை வரைந்துகொண்டிருக்கும் ஒருத்தியாக அவள் என்னைக் கற்பனை செய்திருப்பாள் என்று நினைக்கிறேன். இங்கு வந்த முதல் இரண்டு ஆண்டுகள் நானும் அதைத்தான் செய்தேன். வேங்கை பூத்தால் வேங்கை, புங்கை தளிர்த்தால் புங்கை என்று நோட்டு நோட்டாக வரைந்தேன். அவற்றில் ஒன்றுகூட உருப்படியான சேலையாகவில்லை.

அதற்கான காரணத்தை எனக்கு விளங்கவைத்தவர் நெகமம் பக்கத்தில் தறி வைத்திருக்கும் ஒரு பெரியவர். வீட்டுக்குள் கன்னடமும் வாசலில் கொங்குத் தமிழும் பேசுகிற நெசவுக் குடும்பம் அவருடையது. நான் வரைந்த புங்க இலையை பாவு இழைகளைத் தூக்கி வடிவம் நெய்ய உதவும் அவருடைய 120 கொக்கி ஜக்கார்டு பெட்டிக்கு ஏற்றவாறு கட்டத்தாளில் மாற்றிக் கொடுத்தேன். கட்டத்தாளில் ஒரு கட்டம் என்பது ஒரு பாவு இழையைக் குறுக்கே ஓடும் ஓர் ஊடை இழை கடக்கும் இடம். பாவும் ஊடையும் நேர்கோட்டில் மட்டுமே ஓடுவதால் தறியில் வளைவு என்று ஒன்று கிடையாது. சிறு சிறு படிகள் மட்டுமே உண்டு. அதன்படி அட்டையில் துளை அடித்து, நெய்து, பத்து அங்குலம் வந்ததும் அவர் அதைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, “அம்மிணி, இலையைக் கேட்டீங்க, படிக்கட்டு வந்திருக்குது” என்றார். அன்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு நம் பழைய சேலைகளின் கரைகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மயில்கண் என்ற கரையில் மயில் இல்லை. ஒரு சிறு வட்டமும் அதற்குள் ஒரு புள்ளியும் இருக்கின்றன, அவ்வளவுதான். மல்லிமொக்கு, தாழம்பூ, ருத்ராட்சம் எல்லாமே அப்படித்தான். பாலும் பழமும் என்பது வெறும் கட்டம். அந்தப் பெயர்களை வைத்தவர்கள் தறிக்கு எது முடியும் என்று தெரிந்துகொண்டு, மிச்சத்தைப் பார்ப்பவர் கண்ணுக்கு விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் பூ வரைவதை நிறுத்திவிட்டேன்.

இப்போது என் வேலை தலைகீழாக நடக்கிறது. திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனத்தில் இருந்தபோது முதலில் கணினியில் வடிவம்; பிறகு நிற அட்டையைப் புரட்டி ஓர் எண்; அந்த எண்ணுக்கு நிறத்தைக் கொண்டுவருவது சாயப்பட்டறையின் பாடு. அந்த நிறம் எங்கிருந்து வருகிறது, கழுவிய நீர் எங்கே போகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. நொய்யல் ஆறு எங்கள் அலுவலகத்திலிருந்து நடக்கும் தூரம்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகே, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஆற்றின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணை வரைக்கும் போய்ப் பார்த்தேன். பாசனத்துக்கென்று கட்டிய அணையின் தண்ணீர் வயலுக்கு ஆகாததாகிப் போயிருந்தது. அந்தப் பருவத்தில் நான் தேர்ந்தெடுத்த நீலமும் அதில் கொஞ்சம் இருந்திருக்கும்.

இங்கே நிறம்தான் முதலில். எந்தப் பருவத்தில் எது கைக்குக் கிடைக்கிறதோ, அதில் சாயம் காய்ச்சி, நூல் சிட்டங்களைக் கொடியில் உலர்த்தி, பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு இரண்டு மூன்று நாள் பார்த்துக்கொண்டே இருப்பேன். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது அமைதியாக இருக்கிறது, எது சண்டை போடுகிறது என்பது தெரிந்த பிறகே கட்டத்தாளை எடுப்பது. பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புகளில் குவிந்து கிடக்கும் தேங்காய் மட்டையை ஊறவைத்துக் காய்ச்சினால் இளம் பழுப்பு, சந்தையில் கூட்டித் தள்ளும் வெங்காயச் சருகில் பொன் மஞ்சள், மாதுளைத் தோலில் இன்னொரு மஞ்சள், மஞ்சிட்டியில் சிவப்பு. பருத்தி சாயத்தை எளிதில் ஏற்காது. ஒரு கிலோ நூலுக்கு 200 கிராம் கடுக்காய்ப் பொடி, 150 கிராம் படிகாரம் என்ற கணக்கில் ஊட்டிய பிறகுதான் அது நிறத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இனி நீ எனக்குச் செய்த உதவிக்கு வருகிறேன். சென்ற ஆண்டுக் கோடையில் வெங்காயச் சருகு மஞ்சளில் நாற்பது சேலைகளுக்கு ஒரு கடையிலிருந்து முன்பணம் வாங்கியிருந்தேன். முதல் இருபது நன்றாக வந்தன. அடுத்த இருபதும் அழுக்கேறிய பச்சையாக வந்தன; அளவு அதே, நூல் அதே, சருகும் அதே வியாபாரியிடம் வாங்கியது. மாதிரியோடு ஒத்துப்போகவில்லை என்று கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். நெசவுக் கூலியை நான்தான் கொடுத்தாக வேண்டியிருந்தது. கொடுத்தேன், வளையல் இரண்டை அடகு வைத்து. அப்போதுதான் உனக்குப் புலம்பி எழுதினேன். நீயோ ஆறுதல் ஒரு வரியும், சோதனை ஒரு பக்கமுமாகப் பதில் போட்டிருந்தாய்! ஒரு தம்ளரில் மழைநீர், இன்னொன்றில் ஆழ்குழாய் நீர், இரண்டிலும் ஒரு சிட்டிகை கடுக்காய்ப் பொடி. மழைநீர் வைக்கோல் நிறத்தில் நின்றது. ஆழ்குழாய் நீர் என் கண்முன்னே மைபோல் கறுத்தது; அதில் இரும்பு இருந்திருக்கிறது. பழங்காலத்து எழுதும் மையே கடுக்காயும் இரும்பும் சேர்ந்ததுதானே என்று நீ எழுதியிருந்ததை இப்போது சாயத்தொட்டிச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். மழைநீர்த் தொட்டி வற்றியதும் குழாய் நீருக்கு மாறியதை நான் ஒரு மாற்றமாகவே எண்ணவில்லை. தண்ணீர் தண்ணீர்தானே என்று இருந்திருக்கிறேன்.

அந்த இருபது சேலைகளை என்ன செய்தேன் என்று கேட்டிருந்தாய். பல மாதங்கள் பெட்டியில் கிடந்தன. போன தையில் எடுத்துப் பார்த்தபோது, அழுக்கு என்று நான் நினைத்த பச்சை, பாறையில் காய்ந்த பாசியின் நிறமாகத் தெரிந்தது. இப்போது அந்தப் பச்சை வேண்டுமென்றே ஆழ்குழாய் நீரில் காய்ச்சுகிறேன். மஞ்சளுக்கு மட்டும் மழைநீர். ஒன்று மட்டும் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது: இரும்பு அதிகமானால் நாளடைவில் பருத்தி இழை இற்றுப்போகும். ஆகவே கறுப்புக் கரை கேட்பவர்களுக்கு நான் இன்னும் இல்லை என்றே சொல்லி வருகிறேன்.

நீலத்துக்குத் தனி ராஜ்யம். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் இன்றும் நீலச் சாயம் தரும் அவுரிச் செடியைப் பயிரிட்டு நீல வில்லை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 1897-இல் ஜெர்மானியச் செயற்கை நீலம் சந்தைக்கு வந்த பிறகும் அந்தச் செடி முற்றிலும் அழிந்துவிடவில்லை. வில்லையைப் பொடித்து, சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துத் தாழியில் புளிக்க விடுகிறேன். தண்ணீரில் கரையாத நீலம், புளித்தபின் கரைந்து பச்சை மஞ்சளாக மாறுவதும், நூலை வெளியே எடுத்ததும் காற்றுப் பட்டு மறுபடி நீலமாவதும் உனக்கு ஒரு சமன்பாடு. எனக்கு இன்றும் நெஞ்சு படபடக்கும் அரை நிமிடம். எழுந்ததும் காப்பிக்கு முன் தாழியைத்தான் பார்ப்பேன். மேலே செம்பு நிறத்தில் ஏடு கட்டியிருக்க வேண்டும்; விரலில் வழுவழுப்பு இருக்க வேண்டும்; மணம், மன்னித்துக்கொள், மாட்டுக்கொட்டகை மணமாக இருக்க வேண்டும். மார்கழிக் குளிரில் அது தூங்கிவிடும். சாக்குப்பை போர்த்திக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. வாடிக்கையாளருக்கு இதை எழுதிப் புரியவைப்பது இன்னும் கடினம்.

ஆகையால் உன் மகளிடம் இயைந்த வாழ்க்கை என்று சொல்லாதே. இது பெரும்பாலும் காத்திருக்கும் வாழ்க்கை. இயற்கைச் சாயம் என்றால் பாவமற்றது என்றும் அவள் எண்ண வேண்டாம். விறகு எரிகிறது, தண்ணீர் செலவாகிறது, படிகார நீரை நான் வாழைக்கு விடாமல் தனிக் குழியில்தான் விடுகிறேன். ஊர் முழுவதற்கும் இப்படித் துணி உடுத்த முடியாது என்பதும் எனக்குத் தெரியும். பெரியவரின் மகன் பொள்ளாச்சியில் கைப்பேசிக் கடையில் வேலைக்குப் போகிறான். குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கரை வைத்த சேலைக்கு நாலைந்து நாள் குழித்தறியில் கால் தொங்கவிட்டு உட்காருகிறவருக்கு என்ன மிஞ்சுகிறது என்று என் நோட்டிலேயே இருக்கிறது. கூலியை உயர்த்தினேன், விற்பனை குறைந்தது. இந்த முடிச்சை இன்னும் அவிழ்க்கவில்லை.

காலாண்டு விடுமுறையில் அவளை அனுப்பி வை. கட்டத்தாள் நான் தருகிறேன். பென்சில் மட்டும் கொண்டுவரட்டும். பழைய துணி இரண்டு செட் எடுத்து வரச் சொல், நீலக் கறை போகாது. உன் பள்ளிக் கிணற்று நீர் ஒரு புட்டியில் கொடுத்தனுப்பு. அதில் ஒரு சிட்டம் மஞ்சள் போட்டுப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய தோழி