மீன் கடவத்துக்கும் மானியப் பட்டியலில் இடம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மீன்வளத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். மீன் விற்கும் பெண்களுக்கு மானியத்தில் கொடுக்கும் பொருள்களோடு பனையோலையில் முடைந்த கூடையான கடவத்தையும் சேர்க்க வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

2020இல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஐஸ் பெட்டி வைத்த சைக்கிள், பைக், ஆட்டோ எல்லாவற்றுக்கும் உதவி உண்டு. நல்ல காரியம். தூரத்துச் சந்தைக்கு ஐஸ் பெட்டி இல்லாமல் முடியாது. ஆனால் குமரிக் கடற்கரையில் ஏலத்தில் மீன் எடுத்து, தலையில் சுமந்து வீடு வீடாக விற்கும் அம்மாக்களுக்கு அந்தத் திட்டத்தில் என்ன இருக்கிறது? இன்று அவர்கள் கையில் இருப்பது அலுமினியச் சருவம் என்ற வாயகன்ற பாத்திரம், இல்லையென்றால் தெர்மாகோல் பெட்டி.

சருவத்தில் ஐஸ் உருகிய தண்ணீரும் இரத்தமும் வடிய வழியில்லை. அடியில் கிடக்கும் சாளை மீன் அதிலேயே ஊறி வயிறு உடைந்துவிடும். கடவத்தில் அந்தத் தொல்லை இல்லை. முற்றிய ஓலையை நெருக்கமாக முடைந்து, மட்டையில் உரித்த நாரால் வாய் விளிம்பைச் சுற்றிப் பொத்தியிருப்பார்கள். தண்ணீர் பின்னல் இடுக்கு வழியே இறங்கிவிடும், காற்றும் புகும். விற்று முடிந்ததும் கழுவி வெயிலில் கவிழ்த்தால் போதும். பிய்ந்துபோனால் அடுப்புக்கு ஆகும். தெர்மாகோலோ மணி மணியாக உதிர்ந்து கடலில் போய்ச் சேருகிறது.

குறையே இல்லை என்று சொல்லவில்லை. வடியும் தண்ணீர் சும்மாட்டை நனைத்துத் தோளில் இறங்கும், பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவர்மேல் சொட்டும். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் அம்மா ஒருவரை நாற்றம் என்று சொல்லிப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டதை நாடே பார்த்தது. அப்படி ஓர் அவமானத்துக்குப் பிறகு சொட்டுகிற கூடையை யார் விரும்பி எடுப்பார்கள்? அதனால் அடியில் பொருந்தும்படி ஒரு தட்டு வேண்டும். பின்னலுக்குள் செதில் தங்கும் என்ற சுகாதாரக் கவலையும் நியாயமானதே. எப்படிக் கழுவ வேண்டும், எவ்வளவு நாளில் மாற்ற வேண்டும் என்று நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகம் சோதித்துச் சொல்லட்டும்.

அப்புறம், ஓலை. பனை நம் மாநில மரம். ஆட்சியர் அனுமதியில்லாமல் அதை வெட்டக் கூடாது என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். சரி, மரம் நிற்கும். ஏறி ஓலை வெட்ட ஆள் வேண்டுமே! ஓலைக்கு நல்ல விலை கிடைத்தால்தான் ஏறுவார்கள். முடைய ஆளுக்குப் பஞ்சமில்லை. மீனவ ஊரான மணப்பாட்டில் பெண்கள் அதைத் தொழிலாகவே செய்கிறார்கள். அவர்களுடைய பரிசுப் பெட்டிகள் வெளியூர்களுக்குப் போகின்றன. பக்கத்துக் கடற்கரைக்குக் கடவம் முடைய அரசு ஆர்டர் கொடுத்தால் மாட்டேன் என்றா சொல்லப்போகிறார்கள்?

குளச்சலிலோ முட்டத்திலோ ஓர் ஏலக்கூடத்தில் முதலில் கொடுத்துப் பாருங்கள். எத்தனை கிலோ தாங்க வேண்டும், வாய் எவ்வளவு அகலம், பிடிக்கக் காது வேண்டுமா என்பதையெல்லாம் அங்கே சுமக்கிற பெண்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
குமரிக் கடற்கரை ஊர்க்காரர் ஒருவர்