கண்ணாடியைத் துடைக்கவிடாத அக்காவுக்கு

எல்லோருக்கும் வணக்கம். அப்பா எங்களை விட்டுப் போனது உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுதத் தெம்பில்லை. நன்றி சொல்லாமல் இன்னும் நாள் கடத்தவும் மனசு வரவில்லை.

இரவெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்கள், கையெழுத்துக்கும் காகிதத்துக்கும் அலைந்தவர்கள், ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், உங்கள் எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறோம். ஓர் உதவியைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறோம். இதே துக்கத்தில் இருக்கும் வேறு யாருக்காவது அது அப்படியே உதவும்.

கேமரா அக்கா, நாங்கள் அப்பாவின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக் கூட்டில் வைக்கப் போனபோது, "துடைக்காதீங்க, அதுல அவரோட விரல் ரேகை இருக்கு. முதல்ல படம் எடுத்துடலாம்" என்றீர்கள். அந்தச் சொல் எவ்வளவு பெரிது என்பது படம் வந்த பிறகுதான் புரிந்தது.

செய்முறை இதுதான். நேர் வெளிச்சத்தில் ரேகை தெரியாது. ஜன்னலின் பிரதிபலிப்புதான் விழும். அறையை இருட்டாக்கி, கண்ணாடிக்குப் பின்னால் ஓரடியாவது தள்ளிக் கறுப்பு வெல்வெட் துணியைத் தொங்கவிட வேண்டும். நெருக்கமாக வைத்தால் துணியிலும் வெளிச்சம் பட்டுச் சாம்பல் பூத்துவிடும். ஒரே ஒரு விளக்கு போதும். அது பக்கவாட்டில், கண்ணாடிக்குச் சற்றுப் பின்னால், படச் சட்டத்துக்கு வெளியே இருக்கட்டும். விளக்குக்கும் லென்சுக்கும் நடுவே ஒரு கறுப்பு அட்டை வைக்காவிட்டால் படம் வெளுக்கும். இப்படி வைத்தால் சுத்தமான இடமெல்லாம் கறுப்பாக நிற்கும். விரலின் எண்ணெய் பட்ட வரிகள் மட்டும் ஒளியைச் சிதறடித்து வெள்ளையாக எழும். வலது வில்லையின் ஓரத்தில், அவர் எப்போதும் பிடித்துக் கழற்றும் இடத்தில், பெருவிரலின் சுழி முழுசாகத் தெரிந்தது.

டிரைபாட் (கேமராவைத் தாங்கும் முக்காலி) கட்டாயம். ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளியுணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 11, இரண்டு வினாடி டைமர். டிரைபாடில் வைத்த பிறகு லென்சில் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுவது நல்லது. ஆட்டோ ஃபோகஸ் கண்ணாடியைத் தாண்டிப் பின்துணியைத் தேடும். ஆகவே மேனுவலுக்கு மாற்றி, திரையில் பெரிதாக்கி, ரேகை வரியிலேயே ஃபோகஸ் வைக்க வேண்டும். கறுப்பு நிறைந்த காட்சியைக் கேமரா தானாகவே வெளுப்பாக்கும். இரண்டு ஸ்டாப் குறைத்துத் தொடங்குங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும், கூட்டினால் இரட்டிப்பாகும்). தூசியும் ரேகையைப் போலவே மின்னும். ரப்பர் புளோயரால் ஊதலாம், வாயால் ஊதினால் எச்சில் துளி விழுந்து ரேகையே கெட்டுவிடும்.

போனிலும் முடியும். திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். போர்ட்ரெயிட் மோட் வேண்டாம், மெல்லிய ஃபிரேமின் ஓரங்களைத் தின்றுவிடும்.

சட்டைக்கு இதெல்லாம் வேண்டாம். ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளைத் துணி, ஒரே பக்கத்திலிருந்து சாய்ந்து விழும் ஒளி, வெள்ளைச் சட்டையானால் ஒரு ஸ்டாப் கூடுதல், இல்லையென்றால் அழுக்குச் சாம்பலாக வரும். இஸ்திரி மட்டும் போட்டுவிடாதீர்கள். முழங்கை மடிந்த சுருக்கங்கள்தான் அந்தப் படமே.

ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் இஷியுச்சி மியாகோ, 2000இல் காலமான தன் தாயின் உதட்டுச்சாயத்தையும் உள்ளாடைகளையும் படமெடுத்தார். 2005இல் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் ஜப்பானின் சார்பில் அந்தப் படங்கள் வைக்கப்பட்டன. அவற்றை நீங்கள் காட்டியதும் எங்களுக்குள் இருந்த கூச்சம் போனது. இறந்தவர் பொருளைப் படமெடுப்பது தப்போ என்ற உறுத்தல் பலருக்கும் இருக்கும். தப்பே இல்லை.

ஒரு நாளைக்கு ஒரு பொருள் போதும் என்று நீங்கள் கண்டிப்பாகச் சொன்னது சரியான அளவு. அலமாரியை மொத்தமாகக் கொட்டி எடுத்தால் மனசு தாங்காது, படமும் தேறாது. விளக்கை அரை அங்குலம் நகர்த்து, பார், மறுபடி நகர்த்து என்று கைக்கும் கண்ணுக்கும் வேலை இருக்கும்போது, பார்க்கவே பயந்த பொருளை அரை மணி நேரம் உற்றுப் பார்த்திருப்போம். எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுத்துவிடுவது என்பதும் அப்புறம் லேசாகத் தெளிகிறது. எடுத்த அன்றே எதையும் அழிக்கக் கூடாது. அழுது வீங்கிய கண்ணுக்கு எல்லாமே மோசமாகத்தான் தெரியும். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் போய்விட்டால் கேமராவை நம்பி இருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

அச்சுக்குப் பளபளப்பில்லாத மேட் தாள் நல்லது. திரையில் தெரிவதைவிடத் தாளில் இருட்டாக வரும், முதலில் சின்னதாக ஒன்று போட்டுப் பாருங்கள். மூலக் கோப்பு இரண்டு வெவ்வேறு இடங்களில் இருக்கட்டும்.

அக்கா, நீங்கள் விட்டுப்போன கறுப்புத் துணியும் டிரைபாடும் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. திருப்பித் தர வந்தபோது, தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுங்கள் என்றீர்கள். அப்படியே செய்கிறோம். யாருக்கு வேண்டுமோ கேளுங்கள். தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் சொல்லுங்கள், விளக்கைப் பிடிக்க எங்களில் ஒருவர் வருவோம்.