வலைக்கூடத்தில் வாய் திறந்து பேசியவர்களுக்கு

நாகை கீச்சாங்குப்பம் உறவுகளுக்கும், சுனாமியில் போனவர்களைப் பற்றிப் பேச 2024 டிசம்பர் 26 சாயங்காலம், வலை சரிசெய்யும் நம் வலைக்கூடத்தில் நம்மோடு வந்து உட்கார்ந்த எல்லோருக்கும் வணக்கம்.

2004-இல் சுனாமி அடித்ததிலிருந்து 20 வருடமாக அந்த நாளில் யாரும் தொழிலுக்குப் போவதில்லை. ஊர்வலம் போகிறோம், கடலில் பால் ஊற்றுகிறோம், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்கிறோம். வெளியூர்க்காரர்கள் வந்தால் "உங்கள் வீட்டில் எத்தனை பேர்?" என்றுதான் கேட்பார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அந்தக் கணக்கில் என் தங்கையும் ஒருத்தி, ஆறு வயது. அவள் எப்படிப்பட்ட பிள்ளை என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

முதலில் பேசிய அத்தைக்கு முதல் நன்றி. அலையைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நெத்திலிக் கருவாடு வறுத்தால் உங்கள் சின்னவனுக்கு இரண்டு தட்டு சோறு இறங்கும், மிச்சத்தை டவுசர் பையில் போட்டுக்கொண்டு ஓடுவான் என்றீர்கள். சொல்லும்போது சிரித்தீர்கள், அப்புறம்தான் அழுதீர்கள். அவன் போன பிறகு வீட்டில் அதை வறுத்ததே இல்லை என்றீர்கள்.

அதைக் கேட்டுத்தான் எனக்கும் வாய் வந்தது. இன்ஜின் சத்தத்தை வைத்தே அப்பா படகு வருகிறது என்று தங்கை சொல்லிவிடுவாள் என்றேன். "ஆமாம்டா, எனக்கு ஞாபகம் இருக்கு" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தீர்களே பெரியப்பா, அந்த ஒரு சொல்லுக்கு அம்மா இத்தனை வருடம் ஏங்கியிருக்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

சிமெலுவே தீவைப் பற்றிச் சொன்ன டீச்சருக்கும் நன்றி. சுமத்ராவை ஒட்டிய தீவு அது. 1907-இல் அங்கே அடித்த பேரலையைப் பெரியவர்கள் கதையாகவும் பாட்டாகவும் சொல்லி வந்திருக்கிறார்கள்: நிலம் ஆடிக் கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. 2004-இல் சுமார் 78,000 பேர் இருந்த தீவில் அலை கொண்டுபோனது ஏழு பேரை. நம் கரையில் நிலம் அப்படி ஆடவில்லைதான். ஆனால் சுனாமி என்ற சொல்லே நமக்கு அன்று தெரியாதே. பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள்.

பாய் விரித்த தம்பிகளுக்கும், மைக் வேண்டாம், சும்மா பேசட்டும் என்ற ஊர்த்தலைவர் நாட்டாருக்கும் நன்றி.

மறுநாள் மதியம் எங்கள் வீட்டுக்கு ஒரு கிண்ணம் நெத்திலிக் கருவாட்டு வறுவல் வந்தது. அம்மாவும் நானும் சாப்பிட்டோம், அத்தை.