ஐஃபெல் கோபுர நிர்வாகத்தினருக்கு: இரும்பு காய்ச்சிய ஊரின் பெயர்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

பாரிஸுக்கு உறவினர் யார் வந்தாலும் கோபுரத்துக்கு அழைத்து வருபவன் நான். அவர்கள் டிக்கெட் எடுத்து மேலே ஏற, நான் கீழே நின்று முதல் தளத்தைச் சுற்றிப் பொறித்திருக்கும் 72 பெயர்களை வாசிப்பேன். லவ்வாசியே, ஆம்பேர், ஃபூக்கோ எனப் பெரும்பாலும் அறிஞர்கள். லெ குரெஸோ இரும்பாலையின் முதலாளி ஷ்னைடரும் உண்டு. ஆனால் கோபுரத்தின் இரும்பு அவருடைய உலையில் காய்ச்சியதல்ல, பொம்பே என்ற ஊரில் காய்ச்சியது.

வடகிழக்குப் பிரான்ஸின் நான்சி நகருக்கு வடக்கே, மர்த் ஆறு மோசெலில் கலக்கும் இடத்தை ஒட்டிய சிற்றூர் அது. 1871இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்ற பிறகு எல்லைக்கோடு நகர்ந்து, மோசெல் கரையிலிருந்த ஆர்ஸ் என்ற ஊர் ஜெர்மனியின் பக்கம் போனதும், அவ்வூர் இரும்பாலைக்காரர்கள் மோசெல் கரையோடு மேலே வந்து இங்கே உலை வைத்தார்கள்.

அந்த வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உருகிய வார்ப்பிரும்பை நீண்ட கம்பியால், கையாலேயே கிளறுவார்கள். கார்பன் எரிந்து குறையக் குறையக் குழம்பு இறுகும். களி கிண்டியவர்களுக்கு அந்தக் கனம் தெரியும்; இந்தக் களி கொதிப்பதோ ஆயிரம் டிகிரிக்கு மேல். திரண்டதை உருண்டையாக இழுத்துப்போட்டுச் சம்மட்டி இறக்கினால் கசடு பிதுங்கி வெளியேறும். மிஞ்சுவது தேனிரும்பு. அதை உருளைகளுக்கிடையே விட்டுத் தகடாகவும் சட்டமாகவும் நீட்டுவார்கள். அப்படி வந்த சுமார் 7,300 டன், 25 லட்சம் தறையாணிகளால் கோக்கப்பட்டு 1889இல் பாரிஸில் நிமிர்ந்தது.

இடையில் பெயின்ட் பூச்சில் மறைந்துபோன அந்த 72 பெயர்களை 1986-87இல் மீட்டெடுத்தீர்கள். பொம்பே ஆலை மூடப்பட்டதும் 1986இல்தான். அதற்கு உங்களைக் குறை சொல்ல முடியாது. இருந்தாலும் அந்த ஆண்டு எனக்கு உறுத்துகிறது.

இப்போது பெண் அறிவியலாளர்களின் பெயர்களைச் சேர்க்கும் திட்டம் இருக்கிறது. மிகத் தாமதம்தான், ஆனாலும் மகிழ்ச்சி. எப்படியும் ஆட்களும் ஏணிகளும் வரத்தான் போகிறார்கள். கூடவே இன்னொரு பெயரையும் எழுதிவிடுங்கள். அறுபது சென்டிமீட்டர் எழுத்தெல்லாம் வேண்டாம். வரிசையில் நிற்பவர்களுக்குக் கையெட்டும் உயரத்தில், ஏதாவதொரு காலில், ஊரின் பெயரும் இரண்டு ஆறுகளின் பெயரும் இருந்தால் போதும். ஆலை முதலாளிகளின் பெயர் தேவையில்லை. அந்தக் கணக்கில் ஷ்னைடர் ஏற்கெனவே மேலே இருக்கிறார்.

இப்படிக்கு,
கீழே நிற்பவன்